கீழே கிடக்கிற காய் யாருக்கு?

தலைமைப் பயிற்சி என்ற சொல்லைக் கேட்டாலே இப்போதெல்லாம் எனக்குக் கொட்டாவி வருகிறது. பன்னிரண்டு வருடம் அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் சாப்பிட்டேன் என்பதால், இப்படிச் சொல்ல எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு. இளைஞர்களுக்கு வகுப்பெடுக்கப் போகிற சிலர் போன மாதம் வீட்டுக்கு வந்து, "உங்க அனுபவத்தை எழுதித் தாங்க சார், எங்களுக்கு உதவியா இருக்கும்" என்று கேட்டார்கள். வெற்றிக் கதை வேண்டுமென்றால் மேடையில் சொல்வதற்கென்று நாலைந்து வைத்திருக்கிறேன். இது மேடையில் சொல்லாதது.

1. முதல் நாள்

எழுபதுகளின் பிற்பகுதி. போடிநாயக்கனூரில் ஏலக்காய் விவசாயிகளும் வியாபாரிகளும் சேர்ந்து வைத்திருந்த ஓர் அறக்கட்டளை, படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருக்கும் பிள்ளைகளுக்காக ஒரு வருடப் பயிற்சி வகுப்பு தொடங்கியது. வாரத்தில் மூன்று நாள், கட்டணம் கிடையாது. பொருளாதாரத்தில் எம்.ஏ. முடித்துவிட்டு ராசிங்காபுரத்தில் அப்பாவோடு சோளக்காட்டில் நின்றுகொண்டிருந்த என்னை ஆசிரியராகப் போட்டார்கள். வகுப்பு நடந்த இடம் ஓர் ஏலக்காய்க் குடோனின் மாடி. சட்டை, புத்தகம், சோற்று டப்பா எல்லாவற்றிலும் அந்த வாசம் ஏறிவிடும். முதல் வாரம் மணமாக இருந்தது. அப்புறம் தலைவலி.

முதல் நாள் கரும்பலகையில் மூன்று சொற்களை எழுதினேன்: அரசியல், தத்துவம், பொருளாதாரம். இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால்தான் தலைவர்கள் உருவாவார்கள் என்று எங்கேயோ படித்து, அதை அறக்கட்டளைக்காரர்களிடம் சொல்லித்தான் வேலையையே வாங்கியிருந்தேன். அறக்கட்டளையின் செயலாளர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். ஊரில் ஏலக்காயை ஏலம் விடுகிற கம்பெனியை நடத்தியவர் அவர். எல்லாரும் முதலாளி என்றுதான் கூப்பிடுவார்கள். எழுந்து வந்து பலகையைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"சார், பிள்ளைகளத் தலைவராக்குங்க, வேண்டாங்கல. கட்சியில சேராமப் பாத்துக்கங்க."

"சரிங்க முதலாளி."

"தத்துவம்னு போட்டிருக்கீகளே, அது எதுக்கு? காவி கட்டிக்கிட்டுப் போயிரமாட்டாங்கள்ல?"

பிள்ளைகள் சிரித்தார்கள். நானும் சிரித்து வைத்தேன். ஊரில் இதற்கு மந்திரி கிளாசு என்று பெயர் வைத்துவிட்டார்கள். "என்ன மாப்ளே, மந்திரி கிளாசு விட்டாச்சா? பதவியேற்பு எப்ப?" என்று டீக்கடையில் என் மாணவர்களை ஒரு வழி பண்ணிவிடுவார்கள்.

2. கேள்விக்கு மார்க்

எனக்கு அப்போது இருபத்தாறு வயது. என்னிடம் ஒரு கொள்கை இருந்தது. அதைப் பலகையின் ஓரத்தில் எழுதி, அழிக்கக் கூடாது என்று கட்டம் போட்டு வைத்திருந்தேன்: "கேள்வி கேட்பவனே தலைவன்." ஒவ்வொருவரும் வாரம் ஒரு கேள்வி எழுந்து நின்று கேட்க வேண்டும். நல்ல கேள்விக்குப் பத்து மார்க். கேட்காதவர்களுக்குச் சைபர். இருபத்திரண்டு பேரும் முதல் மாதம் திணறினார்கள். அப்புறம் பழகிவிட்டது. சனிக்கிழமை காலையில் வகுப்பு சந்தை மாதிரி இருக்கும்.

கேள்வியில் முதலில் நின்றவன் சுந்தரபாண்டி. தேவாரத்துப் பையன். மலையில் அவன் அப்பாவுக்கு இரண்டு ஏக்கர் ஏலத்தோட்டம் இருந்தது. வெண்கலக் குரல். எதைக் கேட்டாலும் நியாயம் கேட்பதுபோலவே இருக்கும். இவன்தான் என் வகுப்பின் முதல் தலைவன் என்று இரண்டாவது மாதத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

கடைசியில் நின்றவள் செல்லத்தாய். போடிக்குள்ளேயே வீடு. எஸ்.எஸ்.எல்.சி.யில் நல்ல மார்க் வாங்கி, ஆசிரியப் பயிற்சிக்கு மனுப்போட்டுவிட்டுக் காத்திருந்தாள். வந்தவர்களிலேயே நன்றாக எழுதக்கூடியவள் அவள்தான். நான் சொன்னதைவிட அவள் நோட்டில் எழுதியிருந்தது தெளிவாக இருக்கும். ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். ஜன்னலோரம் உட்கார்ந்து, தன் முறை வந்ததும் எழுந்து நின்று, தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிடுவாள்.

"வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்க? நாளைக்கு டீச்சராகி எப்படிப் பாடம் நடத்துவ?" என்று எல்லார் முன்னாலும் கேட்டிருக்கிறேன். லேசாகச் சிரிப்பாள். வாராவாரம் சைபர் போட்டேன். அவளுக்கு ரோசம் வரட்டும் என்றுதான் போட்டேன். இதை எழுதும்போது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

3. ஏலக் கூடத்தில்

பொருளாதாரத்தைப் புத்தகத்தில் நடத்தி அலுத்துப்போய், ஒருநாள் எல்லாரையும் ஏலம் பார்க்கக் கூட்டிப்போனேன். ஏலக்காய் ஊரில் பிறந்திருந்தாலும் பாதிப்பேர் உள்ளே போய்ப் பார்த்ததில்லை.

பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். மேடையில் ஏலம் கூறுகிறவர் இருப்பார். அன்று முதலாளியே நின்றார். கீழே பெஞ்சு பெஞ்சாக வியாபாரிகள். ஒவ்வொரு விவசாயியின் சரக்கும் ஒரு லாட்டு. அந்த லாட்டிலிருந்து எடுத்த சாம்பிள் காயைத் தட்டில் கொட்டி, கையிலிருந்து கைக்குக் கொடுப்பார்கள். வியாபாரி ஒரு பிடி அள்ளுவார். நிறம் பார்ப்பார், ஒரு காயைப் பிதுக்கி உள்ளே விதையரிசி கறுப்பாக இருக்கிறதா என்று பார்ப்பார், ஒன்றை வாயில் போடுவார். அப்புறம் கையில் இருப்பதைத் தரையில் போட்டுவிடுவார். கைபட்ட காயைத் திரும்பத் தட்டில் போடுவது அங்கே மரியாதைக் குறைச்சல். அடுத்த தட்டு, அடுத்த பிடி, மறுபடி தரை. மதியம் நெருங்கும்போது கூடம் முழுக்கப் பச்சைக் காய் பரவி, நடந்தால் காலடியில் நொறுங்கும்.

சுந்தரபாண்டிக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. அவன் அப்பா அட்டைக்கடியோடு ஏறி இறங்கி விளைவிக்கிற காய். இரண்டு லாட்டுக்கு நடுவே எழுந்து நின்றான்.

"அய்யா, கீழ கெடக்குற காயி யாருக்குச் சொந்தம்?"

மேடையிலிருந்து முதலாளி அவனை ஒரு பார்வை பார்த்தார்.

"கீழ விழுந்தது கீழதான் அப்பு. ஒக்காரு." அடுத்த லாட்டு நம்பரைச் சொன்னார். வியாபாரிகள் சிரித்தார்கள்.

எனக்குப் பெருமை பிடிபடவில்லை. அந்த ஒரே கேள்வியில் என் மூன்று பாடமும் இருந்தன. யார் தீர்மானிப்பது, யாருக்கு நியாயமாகச் சேர வேண்டியது, அதன் மதிப்பு என்ன. இன்னும் நாலைந்து லாட்டு பாக்கி இருந்தது. ஆனால் எனக்குப் பசி, சந்தோசம் வேறு. பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு பக்கத்து டிபன் கடைக்குப் போய்விட்டேன். எல்லாருக்கும் என் செலவில் போண்டா.

செல்லத்தாய் மட்டும் முக்கால் மணி நேரம் கழித்து வந்தாள்.

"எங்கிட்டுப் போயிட்ட?"

"சும்மாதான் சார், அங்கதான் இருந்தேன்."

"ஏலம் முடிஞ்சப்புறம் அங்க என்ன சோலி?"

போண்டா தீர்ந்துபோயிருந்தது. வருகைப் பதிவேட்டில் அவள் பெயருக்கு நேரே 'தாமதம்' என்று எழுதினேன்.

4. இருபத்தொன்றுக்கு ஒன்று

அடுத்த வாரம் முழுக்க வகுப்பில் அந்தக் காய்தான். அரசியல் நேரத்தில் மனு எழுதுவது எப்படி என்று நடத்தினேன். தத்துவ நேரத்தில் உழைத்தவனுக்கே பலன் என்பதை விவாதித்தோம். விவசாயியின் காய் தரையில் விழுந்தாலும் விவசாயிக்கே சொந்தம், அதைச் சேகரித்து விற்று அவர்களுக்கே பிரித்துத் தர வேண்டும் என்று ஏலக் கம்பெனிக்கு ஒரு மனு கொடுப்பதாக முடிவாயிற்று. ஓட்டுக்கு விடலாம் என்றேன்.

அப்போதுதான் செல்லத்தாய் கையைத் தூக்கினாள். ஆறு மாதத்தில் முதல் தடவை. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"அத விட்டுருவோம் சார்."

"ஏன்?"

அவள் ஜன்னலைப் பார்த்தாள்.

"முதலாளிக்குப் பயமா?" என்றான் சுந்தரபாண்டி. கேலியாகக் கேட்கவில்லை, ஆதரவாகத்தான் கேட்டான். "நாங்க எல்லாரும் இருக்கோம்ல."

"காரணம் சொல்லு. காரணம் சொல்லாம ஒண்ண விடச் சொல்லக் கூடாது. இந்த வகுப்புல காரணம்தான் முக்கியம்" என்றேன் நான்.

அவள் உதடு அசைந்தது. அப்புறம் உட்கார்ந்துவிட்டாள். ஓட்டெடுப்பில் இருபத்தொரு பேர் ஆதரவு, ஒருத்தி எதிர்ப்பு. தனியாக எதிர்த்து ஓட்டுப் போடுகிற தைரியமும் ஜனநாயகத்துக்கு வேண்டும் என்று அவளைப் பாராட்டி ஐந்து நிமிடம் பேசினேன். நல்ல பேச்சு என்று அன்று எனக்கே தோன்றியது.

மூன்று வாரம் பிள்ளைகள் ஊர் ஊராகப் போய்க் கையெழுத்து வாங்கினார்கள். தேவாரம், ராசிங்காபுரம், மேலே குரங்கணி வரைக்கும் நடந்தார்கள். செல்லத்தாய் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினாள். குரங்கணியில் ஒரு பெரியவர், "எங்காயி கெடந்து மிதிபடுறதப் பாத்தா எனக்கும் வயித்தெரிச்சலாத்தான் இருக்கும் அப்பு. கேக்குறதுக்கு நாதியில்லாமக் கெடந்தோம்" என்று சொல்லிக் கைநாட்டு வைத்தாராம். விவசாயிகளின் வருத்தம் பொய்யில்லை. அதை இன்றும் சொல்வேன். மனுவின் வாசகத்தை நான்தான் திருத்தினேன். ஒரு வாக்கியத்துக்கு ஒன்பது தடவை.

முதலாளி சண்டைக்கு வருவார் என்று எதிர்பார்த்திருந்தோம். அவர் மனுவை நிதானமாகப் படித்தார். இரண்டாம் தடவையும் படித்தார்.

"நல்ல யோசனை. அப்படியே பண்ணிருவோம். இதுக்குத்தான சார் கிளாசு ஆரம்பிச்சது."

மாணவர்கள் கைதட்டினார்கள். சுந்தரபாண்டிக்கு மாலை போட்டு, குடோன் வாசலில் வைத்துப் படம் எடுத்தோம். இத்தனை சுளுவாக எப்படி ஒத்துக்கொண்டார் என்று யோசித்திருக்க வேண்டும். நாங்கள் அத்தனை நன்றாக வாதாடியிருக்கிறோம் என்றுதான் நினைத்துக்கொண்டேன்.

5. வீராயி

ஒரு மாதம் போயிருக்கும். வகுப்பு நடந்துகொண்டிருந்தபோது மாடிப்படியில் ஒரு அம்மா வந்து நின்றார். உள்ளே வரவில்லை.

"வாத்தியாரையா, ஒரு சோலி இருந்துச்சு."

வெளியே போனேன்.

"நான் ஏலக் கம்பெனியில கூட்டிப் பெருக்குறவ. பேரு வீராயி. செல்லத்தாயி எம்மகதான்."

சேர்க்கைப் படிவத்தில் தாயின் தொழில் என்ற இடத்தில் அவள் 'கூலி' என்று எழுதியிருந்தது ஞாபகம் வந்தது.

"பன்னெண்டு வருசமாக் கூட்டுறேன்யா. நானும் இன்னொருத்தியும். கூலின்னு ஒத்தப் பைசா கெடையாது. கூட்டுன காயி எங்களுக்கு, அதான் பேச்சு. ஏலம் முடிஞ்சு எல்லாரும் போனப்புறம் பின்வாசலு வழியா வருவோம். சுளகுல பொடச்சு, தூசி தட்டி, தொலிய நீக்கி, ஏலரிசிய டீக்கடைக்கும் மிட்டாய்க்கடைக்கும் குடுப்போம். அதுலதான் இவளப் படிக்க வச்சேன். இப்ப வேண்டாம்னுட்டாக. வாச்சுமேனே கூட்டிக்கிருவாராம். காயி வெவசாயம் பண்ணுற சம்சாரிகளுக்காம்."

என் வாயில் வந்தது இதுதான்: "செல்லத்தாய் எங்கிட்ட ஒண்ணும் சொல்லலையே."

"சொன்னாளாமே. விட்டுருவோம்னு சொன்னேன்மா, சார் காரணங் கேட்டாகன்னா." அந்த அம்மாவின் குரல் ஏறவே இல்லை. ஏறியிருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும். "அத்தன புள்ளைக முன்னாடி, எங்காத்தா கூட்டிப் பொறுக்குறதுன்னு எப்படிச் சொல்லுவா? வயசுப் புள்ள."

ஜன்னலோர இடம் இரண்டு வாரமாகக் காலியாக இருந்தது. அதையும் நான் உடம்பு சரியில்லை என்ற கணக்கிலேயே விட்டிருந்தேன்.

"டீச்சர் டிரெய்னிங்குக்குக் கடுதாசி வந்திருக்குய்யா. இடம் கெடச்சிருச்சு. அடுத்த மாசம் மொத வாரத்துக்குள்ள சேரணும். இந்தக் காய நம்பித்தான் இருந்தேன். நீங்க பேசிப் பழையபடி ஆக்கிக் குடுங்க. அம்புட்டுத்தான் கேக்க வந்தேன்."

"ஒரு வாரத்துல சரி பண்ணித் தர்றேன்மா" என்றேன். அப்படிச் சொல்ல எனக்கு எந்த ஆதாரமும் இல்லை.

6. தட்டைப் பற்றி எழுதவில்லை

அன்றே முதலாளியைப் பார்க்கப் போனேன். அவர் அலமாரியிலிருந்து எங்கள் மனுவை எடுத்து மேசையில் வைத்தார்.

"படிங்க சார்."

"எனக்கே தெரியும் முதலாளி, நான் எழுதுனதுதான்."

"கூட்டுறவங்களப் பத்தி எதுல இருக்கு? ஒரு வரி காட்டுங்க. கீழ விழுறது சம்சாரிக்குச் சேரணும்னு எழுதியிருக்கீக. சேத்தாச்சு. இப்ப அந்தப் பொம்பளைகளுக்குத் திருப்பிக் குடுத்தா, கையெழுத்துப் போட்டவுகளுக்கு நான் என்ன பதில் சொல்ல?"

"கூலியாவது குடுக்கலாமே."

"வாட்ச்மேனே கூட்டுற அளவுக்குத்தான் இப்ப விழுகுது. பெறகு எதுக்குக் கூலி?"

அது எனக்குப் புரியவில்லை. மறுநாள் ஏலம் இருந்தது. போய் ஓரமாக நின்றேன். கூடத்தின் தரை சுத்தமாக இருந்தது. வியாபாரிகள் தட்டிலிருந்து நாலு காய், ஐந்து காய் எடுத்துப் பார்த்தார்கள். பிடியாக அள்ளுகிறவர் யாரும் இல்லை.

வெளியே வந்த அப்துல்லா ராவுத்தரைப் பிடித்தேன். பல வருடமாக ஏலத்தில் சரக்கு எடுக்கிறவர். என் மாணவர்களைக் கண்டால் டீ வாங்கிக் கொடுக்கிற மனிதர்.

"என்ன பாய், இப்ப யாருமே அள்ளுறதில்லையே?"

"காய் பாக்குறதுக்கு நாலு போதும் தம்பி. பிடி எதுக்கு?"

"முன்ன பிடிபிடியா அள்ளினீங்களே."

"அது கூட்டுறவளுக்கு. எங்க அத்தா காலத்துலேருந்து அப்படித்தான். கம்பெனிக்காரன் கூலி குடுக்கமாட்டான், நாமளாச்சும் போடுவோம்னு. யாரும் வாயத் தொறந்து சொல்லிக்கிறதில்ல. அடுத்தவன் காய எடுத்து நாங்க தர்மம் பண்ணுனோம்னு நீங்க சொன்னா, அதுவும் வாஸ்தவந்தான். இனிமே அது எவன் பேருலயோ வரவு ஆகுதுன்னா நான் ஏன் அள்ளணும்?"

"அப்ப தட்டுல மிஞ்சுற காய்?"

ராவுத்தர் என்னை இரக்கத்தோடு பார்த்தார். "தட்டுல மிஞ்சுறது எப்பவும் கம்பெனிக்குத்தான தம்பி. முன்ன மிஞ்சாது. இப்ப மூடை மூடையா மிஞ்சுது."

நாங்கள் தரையைப் பற்றி எழுதியிருந்தோம். தட்டைப் பற்றி எழுதவில்லை. முதலாளி மனுவை இரண்டு தடவை படித்தது அதற்காகத்தான். வீராயியிடமிருந்து காய் போனது. விவசாயிக்கும் வந்து சேரவில்லை. இருபத்தொரு பிள்ளைகளும் ஒரு எம்.ஏ.யும் சேர்ந்து ஏலக் கம்பெனிக்கு உழைத்திருந்தோம்.

வகுப்பில் போய் எல்லாவற்றையும் சொன்னேன். செல்லத்தாயின் பெயரைச் சொல்லவில்லை, ஆனால் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. தட்டில் மிஞ்சுவது விவசாயிக்கு, கூட்டுகிறவர்களுக்குக் கூலி என்று இரண்டாவது மனு எழுதலாம் என்றேன். ஐந்து பேர் கையெழுத்துப் போட்டார்கள். சுந்தரபாண்டி போடவில்லை.

"சார், இப்பத்தான் ஜெயிச்சு மாலை போட்டோம். அத நாமளே தப்புன்னு எழுதிக் குடுத்தா ஊரு சிரிக்காதா? எங்கய்யா ஊரெல்லாம் சொல்லி வச்சிருக்காரு சார்."

ஊர்களிலும் அதே கதைதான். கையெழுத்துப் போட்டவர்கள், "மறுபடியுமா? போன தடவ குடுத்ததுக்கே ஒண்ணும் வரல" என்றார்கள். இப்படியே மூன்று வாரம் ஓடியது. விசயம் முதலாளியின் காதுக்குப் போய், ஒரு மாலை அவரே மாடியேறி வந்தார். பெஞ்சில் உட்கார்ந்து, கர்ச்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"கிளாசு அடுத்த வருசமும் நடக்கணும்ல சார்."

அவ்வளவுதான் சொன்னார். எனக்கு அந்த ஆவணியில் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. ஐந்து கையெழுத்தோடு இருந்த மனுவை மடித்து மேசை டிராயருக்குள் வைத்தேன். பயந்துவிட்டேன். அரசியல், தத்துவம், பொருளாதாரம் மூன்றிலும் தேடிப் பார்த்துவிட்டேன், அதற்கு வேறு நல்ல பெயர் கிடைக்கவில்லை.

7. ஜீப்பு கிளம்பும் இடம்

வேறொன்றும் செய்ய முடியாமல், என் சம்பளத்தில் பாதியை எடுத்துக்கொண்டு செல்லத்தாய் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. காய் எடுக்கிற ஆட்களை ஏற்றுகிற இடத்தில் இருப்பாள் என்று பக்கத்து வீட்டில் சொன்னார்கள். விடிந்து வெளிச்சம் வந்திருந்தது. போடிமெட்டு போகிற ஜீப்புகள் வரிசையாக நின்றன. பெண்கள் தூக்குச்சட்டியும் தலையில் துண்டுமாக ஏறிக்கொண்டிருந்தார்கள். அவர்களுக்கு நடுவே அவள், காலில் அட்டைக்குப் புகையிலைத் தண்ணீர் தடவிக்கொண்டு நின்றாள்.

என்னைக் கண்டதும் நிமிர்ந்தாள். வகுப்பில் எழுந்து நிற்பதுபோலவே நின்றாள்.

"இத வச்சுக்க. டிரெய்னிங்ல சேரு. மாசாமாசம் தர்றேன்."

"எத்தன மாசத்துக்கு சார்? ரெண்டு வருசப் படிப்பு."

நான் பணத்தை நீட்டியபடியே நின்றேன்.

"சேர்ற தேதி நேத்தோட முடிஞ்சிருச்சு சார்."

"ஒரு வாரத்துல பண்ணித் தர்றேன்னு அம்மாகிட்டச் சொன்னேன்..."

"அம்மா சொல்லுச்சு."

அதில் குத்தல் இல்லை. எனக்கு அழுகை வந்தது, அவளுக்கு வரவில்லை. "ஒரு வார்த்த எங்கிட்டத் தனியாச் சொல்லியிருக்கலாமே தாயி" என்றேன். அது அவள்மேல் பழியைத் தள்ளுகிற பேச்சு என்று சொன்ன பிறகுதான் உறைத்தது.

"சொல்லணும்னுதான் சார் இருந்தேன். தனியாச் சொல்றதுக்கு நீங்க எங்க மார்க்கு வச்சிருந்தீங்க? எல்லாமே எந்திரிச்சு நின்னுல்ல சொல்லணும்?"

டிரைவர் ஆரனை அடித்தார். "ஆத்தா, வெரசா ஏறுங்க. லோடு நெறஞ்சிருச்சு." அவள் பணத்தைத் தொடவில்லை. ஜீப்பின் பின்பக்கம் இரண்டு பெண்கள் கைகொடுத்து அவளைத் தூக்கிக்கொண்டார்கள்.

8. போடிமெட்டில்

வகுப்பு அதற்குப் பிறகும் பல வருடம் நடந்தது. என் மாணவர்கள் பலர் தலைவர்கள் ஆனார்கள். சுந்தரபாண்டி கட்சியில் சேர்ந்தான். முதலாளி தடுக்கச் சொன்ன ஒரே காரியத்திலும் நான் தோற்றேன். இன்றும் விழாவுக்கு அழைத்தால் என்னை மேடையில் ஏற்றி, "கீழ கெடக்குற காயி யாருக்குன்னு கேக்கச் சொல்லிக்குடுத்த வாத்தியார்" என்று அறிமுகம் செய்வான். அந்தக் கதை அவனுக்குப் படம் எடுத்த இடத்தோடு முடிந்துவிடுகிறது. நானும் மேடையில் அவனைத் திருத்தியதில்லை. சால்வையை வாங்கிக்கொண்டு வந்துவிடுவேன்.

எண்பதுகளின் நடுவில் ஒருநாள், மேலே ஒரு சாவு வீட்டுக்குப் போய்விட்டு போடிமெட்டில் பஸ்சுக்கு நின்றேன். பனிமூட்டம். டீக்கடையில் பத்துப் பன்னிரண்டு பெண்கள், அவர்களுக்கு டீ சொல்லிக்கொண்டு ஒருத்தி.

"சாரே, சுகந்தானா?"

குரலை வைத்து எனக்கு அடையாளம் தெரியவில்லை. அந்தக் குரலை நான் அதிகம் கேட்டதே இல்லையே. எஸ்டேட்டில் காய் எடுக்கிற குழுவுக்குச் செல்லத்தாய்தான் இப்போது கங்காணி. அம்மாவும் அவளோடு எஸ்டேட் லயத்து வீட்டிலேயே இருக்கிறாராம். கண் சரியில்லையாம்.

"இன்னும் கிளாசு நடக்குதா சார்?"

"நடக்குது."

"கேள்விக்கு மார்க்கு?"

"இப்பப் போடுறதில்ல."

"பின்ன எதுக்குப் போடுறீங்க?"

"இன்னும் முடிவு பண்ணல" என்றேன். அவள் சிரித்தாள். என் வகுப்பில் சிரித்த அதே சிரிப்பு. ஜீப்பு வந்ததும் எல்லாரையும் ஏற்றிவிட்டு, கடைசியாக ஏறினாள்.

வகுப்பெடுக்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லக்கூடியது ஒன்றே ஒன்றுதான். பிள்ளைகளை எங்கே கூட்டிப்போனாலும், கூட்டம் கலைந்த பிறகும் அங்கேயே கொஞ்ச நேரம் உட்காருங்கள். பின்வாசல் வழியாக யார் வருகிறார்கள் என்று பார்த்துவிட்டு, அப்புறம் மனு எழுதுங்கள். பின்னாட்களில் நான் என் மாணவர்களை ஏலம் முடியும்வரை உட்காரவைத்தேன். வாட்ச்மேன் வந்து பத்து இருபது காயைப் பெருக்கிக்கொண்டு போவார். எதைப் பார்க்கச் சொல்கிறேன் என்று பிள்ளைகளுக்குப் புரியாது. விளக்குவதற்கு எனக்கும் தெம்பு இருந்ததில்லை.

அந்த வருடத்து வருகைப் பதிவேடு இன்னும் என் பெட்டியில் இருக்கிறது. ஏலம் பார்க்கப் போன நாளில், செல்லத்தாயின் பெயருக்கு நேரே, 'தாமதம்' என்று என் கையெழுத்து. எங்கள் எல்லாரிலும் அன்று ஏலத்தை முழுசாகப் பார்த்தது அவள் ஒருத்திதான்.